மாமனாரும் மாப்பிள்ளையும் ஒரே சைக்கிளில்

சனிக்கிழமை விடிந்ததும் நாச்சிமுத்து செய்த முதல் காரியம், போர்வைக்குள் கையை விட்டுத் தன் தொடையை அமுக்கிப் பார்த்தது. கெட்டியாக இருந்தது. கண் போன பிறகு உட்கார்ந்து உட்கார்ந்தே துவண்டு போயிருந்த தொடை. இப்போது அமுக்கினால் விரல் இறங்கவில்லை.

சிரிப்பு வந்தது. பக்கத்தில் துளசிமணி முழித்துக்கொண்டிருப்பாளோ என்று அடக்கிக்கொண்டார்.

துளசிமணிக்கு இன்னும் தெரியாது.

இந்த வாரம்தான் இந்த வீட்டுக்குள் வருகிற வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை. நாச்சிமுத்து சூலூரில் பாதி வாழ்க்கைக்கு மேல் விசைத்தறி ஓட்டியவர். கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தபோது, வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. அப்படி மறைத்துக்கொண்டே ஒரு சாயங்காலம் மனைவியைக் கேரியரில் உட்கார வைத்துச் சைக்கிள் ஓட்டி, ஓரமாக நின்றிருந்த செங்கல் லாரியில் கொண்டுபோய் மோதினார். அவருக்குச் சிராய்ப்பு. துளசிமணிக்கு இடது கால் எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே அவள் சத்தியம் வாங்கிவிட்டாள். இனி ஆயுசுக்கும் ஹேண்டில்பாரைத் தொடக் கூடாது.

அதன் பிறகுதான் மாப்பிள்ளை கிருபாசங்கர் இந்தச் சைக்கிள் பயணத்தைப் பற்றிச் சொன்னான்.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் பொதிமாடும் வண்டியும் போன ராஜகேசரிப் பெருவழி. அந்தப் பேரை வெட்டிய கல்வெட்டு இன்றைக்கும் சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் இருக்கிறது. அங்கே கிளம்பி, பழைய தடத்தை ஒட்டியே பேரூர், சூலூர், கொடுமணல் என்று மூன்று நாள் மிதித்துக் கரூரில் போய் முடிப்பது. பார்வையில்லாத பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதி ஒன்றுக்கு மேல்மாடி கட்டிக் கொடுக்கத்தான் இந்தப் பயணம். அதனால் பார்வையில்லாதவர்களும் கூட ஓட்டுகிறார்கள். அவர்களுக்கென்று இரட்டைச் சைக்கிள். முன் சீட்டில் கண் தெரிந்தவர், பின் சீட்டில் கண் தெரியாதவர். மிதிப்பது இரண்டு பேரும். பின்னால் உள்ள கம்பி திரும்பாது. பிடித்துக்கொள்ள மட்டும்தான்.

அந்த ஒரு விஷயத்தை நாச்சிமுத்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "நான் ஹேண்டில்பாரத் தொடமாட்டேன்னுதான அம்மணி சத்தியம் பண்ணுனேன். இது வெறும் கம்பி" என்று மகள் பிரவீனாவிடம் சொன்னார். இதை அம்மாவிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள் என்றாள் அவள். சொல்லவில்லை. மகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் சரவணம்பட்டிக்கு பஸ் ஏறினார். அங்கே மாப்பிள்ளை குடியிருக்கும் லேஅவுட்டின் புது ரோட்டில் பழகினார். வீட்டில் சொன்னது வேறு. கூடப் போகும் வேனில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்கப் போகிறாராம்.

நாளைக்குப் பயணம்.

துளசிமணி தறிக் குடோன் ஷிப்டுக்குக் கிளம்பும்போது அவர் தோளில் ஒரு துண்டைப் போட்டாள். வெயிலில் இறங்கி நிற்க வேண்டாம், மாத்திரையை மறக்க வேண்டாம், வேனில் ஜன்னல் ஓரமாகவே உட்கார வேண்டும் என்று வரிசையாகச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் 'ம்' போட்டார். வாசல் வரை போனவள் நின்றாள்.

"போன வாரம் உங்க பேண்ட்டுல, வலது கால் ஓரத்துல கருப்பா மசி. எத்தன தேச்சும் போகலீங்க."

"பஸ்ஸுல பட்டிருக்கும்."

"எந்த பஸ்ஸுங்க அது" என்றாள். பதிலுக்கு நிற்கவில்லை. ஒரு அடி அழுத்தி, ஒரு அடி இழுத்து, அவள் நடை தெருவில் இறங்கிப் போனது. அந்தச் சத்தம் தேயும் வரை நாச்சிமுத்து மூச்சு விடவில்லை.

அவள் போன பின்னாலேயே மகளும் மாப்பிள்ளையும் வந்து சேர்ந்தார்கள்.

போன வாரம் வேறொரு ஜோடி விழுந்து கையை உடைத்துக்கொண்டதால், இரட்டைச் சைக்கிள்காரர்கள் எல்லோரும் சூலூர்ப் பெரிய குளத்துக் கரையில் ஒரு தரம் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். தேறாதவர்கள் வேனில் வரலாம். அதாவது, துளசிமணியிடம் சொன்ன பொய் நிஜமாகிவிடும்.

பார்த்துச் சொல்ல வேண்டியது ஃபெமினா. விடுதியில் டீச்சர். கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் விசிலும் கையில் ஒரு குடையுமாக நின்றாள். கரை மேல் போய், வேகத்தடை ஒன்றைத் தாண்டி, வளைவில் திரும்பி வந்து, அவள் குடையைத் தூக்கியதும் நிற்க வேண்டும். அவ்வளவுதான். கூட யாரும் வண்டியில் வரக் கூடாது என்றாள்.

அங்கேதான் சிக்கல். சரவணம்பட்டியில் பிரவீனா ஸ்கூட்டரில் பக்கத்திலேயே வருவாள். மேடு, பிரேக், திரும்பு என்று கத்துவதெல்லாம் அவள்தான். கிருபாசங்கர் ஓட்டியதோடு சரி.

ஏறினார்கள். நாச்சிமுத்துவுக்கு உள்ளங்கை வேர்த்தது. பயத்தில் இல்லை. திருவிழாவுக்குப் போகிற பையனுக்கு வேர்க்குமே, அப்படி. குளத்துக் காற்று முகத்தில் அடித்தது. நன்றாக மிதித்தார்.

வேகத்தடை வந்தது. கிருபாசங்கருக்கு அது தூரத்திலேயே தெரிந்துவிட்டது. குலுங்காமல் இருக்க, சீட்டை விட்டு எழும்படி மாமாவிடம் சொல்ல வேண்டும். கோபிசெட்டிபாளையத்தில் வளர்ந்தவன். அவன் வீட்டில் கன்றுக்குட்டியைக்கூட வாங்க போங்க என்றுதான் ஓட்டுவார்கள் என்று பிரவீனா கேலி செய்வாள். தாரை வார்த்துப் பெண்ணைக் கொடுத்த மனிதரிடம் 'எந்திரி' என்று எப்படிச் சொல்வது?

"ஏனுங்க மாமா," என்று ஆரம்பித்தான். "தப்பா எடுத்துக்காதீங்க. இன்னும் சித்த தூரத்துல ஒரு சின்ன மேடு மாதிரி வருதுங்க. நீங்க கொஞ்சம்…"

அதற்குள் மேடு வந்து, போயும்விட்டது. பின் சீட்டில் இருந்தவருக்கு இடுப்பில் அடித்த அடி கழுத்து வரை ஏறியது.

"பரவாயில்லீங்க மாப்பிள்ளை" என்றார் நாச்சிமுத்து. கண்ணில் தண்ணீர் வந்திருந்தது.

வளைவில் இன்னொன்று. டயருக்குக் கீழே தார் போய் மண் நெறுநெறுத்தது அவருக்குக் கேட்டது. சைக்கிள் கரையின் ஓரத்துக்கு ஒதுங்குகிறது. ஆனால் ஓட்டுகிறவர் மாப்பிள்ளை. அவருக்குத் தெரியாததா? ஓரத்தில் போகிறீர்கள் என்று நாம் சொன்னால் அவர் மனசு என்ன ஆகும்? வாயை மூடிக்கொண்டார்.

கரைச் சரிவில் இறங்கிச் சேற்றில் போய்ச் சாய்ந்தது சைக்கிள். இரண்டு பேரும் அதன் அடியில்.

பிரவீனா ஓடிப்போய்ப் பார்த்தபோது மேலே கிடந்த சைக்கிளை யாரும் தள்ளவில்லை. அடி பட்டுதுங்களா மாப்பிள்ளை என்று இவர் கேட்டுக்கொண்டிருந்தார். உங்களுக்குங்களா மாமா என்று அவன். நீங்க மொதல்ல எந்திரீங்க. இல்லீங்க மாமா, நீங்க மொதல்ல. கடைசியில் அவள்தான் சைக்கிளைத் தூக்கினாள்.

ஃபெமினாவுக்குச் சிரிப்பு வந்திருக்கும். காட்டவில்லை. தனியாக நிறுத்திச் சொன்னாள். "இந்தச் சைக்கிள்ல மாமனார், மருமகன் எல்லாம் கிடையாதுங்க. முன்னாடி ஒருத்தர், பின்னாடி ஒருத்தர். முன்னாடி இருக்கறவர் சட்டுனு சொல்லணும், பின்னாடி இருக்கறவரும் சட்டுனு சொல்லணும். நாளைக்குப் போறது கரூர் ரோடு. லாரி வர்ற ரோடு." மற்ற ஜோடிகள் ஓட்டி முடித்ததும் இன்னொரு தரம் பார்க்கிறேன், அதிலும் இப்படி என்றால் அய்யா வேனில் வரட்டும், தப்பாக நினைக்க வேண்டாம் என்றாள்.

புளியமர நிழலில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். முழங்கையில் சேறு காய்ந்து இழுத்தது. கிருபாசங்கர் தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டான். சத்தமாகச் சொல்ல வாய் வரவில்லை என்றான். நாச்சிமுத்து அவன் முட்டியைத் தட்டிக் கொடுத்தார். தன் மேலும்தான் தப்பு, மண் சத்தம் கேட்டும் சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்.

"கண்ணு போனதுல இருந்து எங்க போனாலும் ஒருத்தர் என்ற முழங்கையப் புடிச்சுக்கறாங்க. கோயிலுக்குப் போனா, கக்கூசுக்குப் போனா, எல்லாத்துக்கும். அன்பாத்தான் புடிக்கறாங்க, இல்லைன்னு சொல்லலீங்க. ஆனா இந்தச் சைக்கிள்ல ஏறுனா ஒருத்தரும் என்னயப் புடிக்கறதில்லைங்க மாப்பிள்ளை. நானும் மிதிக்கறேன். வண்டி என்னாலயும் போகுது."

கிருபாசங்கர் கண்ணைத் துடைத்தான். துடைத்த கை சேற்றுக் கை. முகம் பூராவும் அப்பிக்கொண்டது.

பிரவீனாவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. அவள் வளர்ந்ததே தறிக் குடோனில். பள்ளிக்கூடம் விட்டதும் அப்பா அம்மா ஓட்டும் தறிகளுக்கு நடுவே, நூல் மூட்டை மேல் உட்கார்ந்துதான் வீட்டுப் பாடம் எழுதுவாள். காதோடு கத்தினாலும் கேட்காத இடம். அந்த ஞாபகத்தில் சட்டென்று கேட்டாள்.

"ஏனுங்கப்பா, குடோனுக்குள்ள யாராச்சும் யாருக்காச்சும் 'ங்க' போட்டுப் பேசி நீங்க கேட்டிருக்கறீங்களா?"

"தறி ஓடறப்ப ஒன்னுமே கேக்காது கண்ணு. அதுல 'ங்க' போட்டு என்ன பண்றது."

"அப்ப அம்மாவ எப்படிக் கூப்பிடுவீங்க?"

நாச்சிமுத்து நிமிர்ந்தார். முகம் மெல்ல விரிந்தது. இரண்டு விரலை நாக்குக்கு அடியில் மடித்து வைத்து ஊதினார். குளத்தில் இருந்த கொக்கு எல்லாம் எழுந்தது.

தறிக்காரர்களின் பேச்சு அது. நீளமாக ஒரு விசில் என்றால் நிறுத்து. இழை அறுந்தால் அடிப்பது. குட்டையாக இரண்டு என்றால் பார்த்து, முன்னால் ஏதோ வருகிறது. பெல்ட் கழன்றாலும் அதுதான், ஓனர் வந்தாலும் அதுதான். குடோனுக்குள் அந்த விசிலை யார் அடித்தார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. கேட்டதும் கை செய்துவிடும். துளசிமணி அடித்தால் இரண்டு குடோன் தள்ளி இருக்கிற தறிகூட நிற்கும் என்று நாச்சிமுத்து பெருமையாகச் சொன்னார்.

"மாப்பிள்ளைக்கு விசில் வருங்களா?" என்று கேட்டார்.

கிருபாசங்கர் நெளிந்தான். பதில் சொன்னது பிரவீனா. கோபியில் முதல் நாள் முதல் காட்சிக்கு இவர் அடிக்கிற விசிலுக்குத் தியேட்டர்க்காரன் வந்து வெளியே போகச் சொல்வானாம்.

"அது காலேஜ் படிக்கறப்பங்க மாமா" என்றான் அவசரமாக.

"நல்லதாப் போச்சுங்க" என்றார் மாமனார்.

மறுபடி ஏறினார்கள். சைக்கிள் முழுக்கச் சேறு. ஃபெமினா குடையை ஊன்றிக்கொண்டு பார்த்தாள்.

வேகத்தடைக்கு முன்னால் குட்டையாக இரண்டு விசில். நாச்சிமுத்து பெடலில் எழுந்து நின்றார். மேடு காலுக்கடியில் வழுக்கிக்கொண்டு போனது. வளைவில் மண் நெறுநெறுத்தது. இந்தத் தரம் பின் சீட்டில் இருந்து இரண்டு விசில் வந்தது. கிருபாசங்கர் யோசிக்கவே இல்லை. கை தானாகச் சைக்கிளைத் தாருக்கு ஏற்றியது. மரியாதை, கோபம், மனசு நோகுமா என்ற நினைப்பு, ஒன்றுக்கும் அதில் இடமில்லை. திரும்பி வந்தார்கள். குடை உயர்ந்தது. நீளமாக ஒரு விசில். நாலு காலும் ஒன்றாக நின்றன.

ஃபெமினா சைக்கிளின் முன்னால் நம்பர் அட்டையைக் கட்டினாள். கட்டி முடித்துவிட்டு, நாளைக்கு விடிவதற்கு முன்னால் சுண்டக்காமுத்தூர் வந்துவிடுங்கள் என்றாள். தன் கழுத்தில் இருந்த பிளாஸ்டிக் விசிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

அந்த நிமிஷம் நாச்சிமுத்து கிழவனாக இல்லை. கண் தெரியாதவராகவும் இல்லை. சம்பள நாளில் ஷிப்டு முடித்து வருகிற ஆளாக இருந்தார். நாளை வரை பொறுக்க முடியவில்லை.

"ஊருக்குள்ள ஒரு சுத்துப் போலாமுங்களா மாப்பிள்ளை?"

பிரவீனா வேண்டாம் என்றாள். அதுவும் தறிக் குடோன் தெரு வழியாகப் போகலாம் என்று அவர் சொன்னதும் கையைப் பிடித்துத் தடுத்தாள். அம்மா வேலை செய்கிற இடம்.

"தறி ஓடற வரைக்கும் உங்கொம்மா தலையத் தூக்கமாட்டா அம்மணி. வாசல்ல வேட்டுப் போட்டாலும் கேக்காது. ஒரே ஒரு தடவ. சத்தத்தக் கேட்டுட்டு வந்தர்றேன்."

கிருபாசங்கருக்கு மறுக்கத் தெரியாது. ஏறிக்கொண்டான். பிரவீனா ஸ்கூட்டரில் பின்னால் வந்தாள்.

பேக்கரியில் தேங்காய் பன் வேகும் வாசனை வந்தது. கடைத் தெரு என்று நாச்சிமுத்து தெரிந்துகொண்டார். டீ குடித்துக்கொண்டிருந்த யாரோ, ஏனுங்க நாச்சிமுத்தண்ணா, இதென்னுங்க கூத்து என்று கூப்பிட்டார்கள். குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்துப் பேர் சொல்லிக் கையைத் தூக்கினார். முழங்கையை யாரும் பிடிக்காத கை. எவ்வளவு உயரமும் தூக்கலாம்.

குடோன் தெருவுக்குள் திரும்பியதும் இரண்டு பக்கமும் தறிச் சத்தம். சுவரே அதிர்ந்தது. நெஞ்சுக்குள் வந்து அடித்தது. அந்தச் சத்தத்தின் தாளத்துக்கே மிதித்தார். இது மூணாவது குடோன், இது சாயக்காரர் குடோன் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கிருபாசங்கருக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனும் எதையோ சொல்லிக்கொண்டு வந்தான். இவருக்கும் கேட்கவில்லை. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

துளசிமணியின் குடோன் வந்தது. நாச்சிமுத்து துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார். அதைத் தாண்டும்போது நெஞ்சை நிமிர்த்தினார்.

அப்போது எல்லாத் தறிகளும் ஒன்றாக நின்றன.

தெரு முழுக்க. ஒரே அடியில். சைக்கிள் செயின் ஓடும் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது.

நாச்சிமுத்துவின் முகத்தில் இருந்த சிரிப்பு வடிந்தது. கரண்ட் போயிருக்கிறது. கரண்ட் போனால் குடோனுக்குள் யார் புழுக்கத்தில் நிற்பார்கள்? காத்து வாங்க எல்லோரும் வாசலுக்கு வருவார்கள். கதவுகள் திறக்கும் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

"மிதி மாப்பிள்ளை" என்றார். "வெசையா மிதி."

கல்யாணம் ஆனதில் இருந்து மாமனார் அவனை அப்படி ஒருமையில் சொன்னது அதுதான் முதல் தரம். கிருபாசங்கர் எழுந்து நின்று மிதித்தான்.

பின்னாலிருந்து ஒரு விசில். நீளமாக, கூர்மையாக, நடுங்காமல்.

நாலு காலும் நின்றன. பிரேக் பிடித்தது. காலை ஊன்றிய பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது.

"ஏனுங்க மாப்பிள்ளை, நிறுத்துனீங்க?"

"மாமா, நான் அடிக்கலீங்க."

"நானும் அடிக்கலீங்க" என்றார் நாச்சிமுத்து.

திரும்பிப் பார்க்க அவருக்குத் தேவை இல்லை. ஒரு அடி அழுத்தி, ஒரு அடி இழுத்து, அந்த நடை நெருங்கி வந்தது. பஞ்சும் எண்ணெயும் கலந்த வாசனை வந்தது. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் பிரவீனா ஏதோ சொல்ல வாய் திறந்தாள். அம்மா அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

துளசிமணி சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். நம்பர் அட்டையைப் பார்த்தாள். சேற்றைப் பார்த்தாள். மாப்பிள்ளையின் முகத்தில் காய்ந்திருந்த சேற்றையும் பார்த்தாள். "வாங்க மாப்பிள்ளை" என்றாள், வீட்டு வாசலில் வரவேற்கிற மாதிரி. கிருபாசங்கர் சைக்கிளை விடாமலே வாரனுங்க அத்தை என்று எதையோ உளறினான்.

பிறகு கணவர் பிடித்திருந்த கம்பியை எட்டிப் பிடித்தாள். அவர் கையை நகர்த்தச் சொல்லவில்லை. அவர் கைக்குப் பக்கத்திலேயே பிடித்து, இடது பக்கம் ஒரு திருப்பு, வலது பக்கம் ஒரு திருப்பு, பலம் கொண்ட மட்டும் திருப்பிப் பார்த்தாள். கம்பி அசையவில்லை.

"இதத்தான் வேனுன்னு சொன்னீங்களாக்கும்" என்றாள்.

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது.

தெரு முழுக்கத் தறிகள் ஒன்றாகப் பிடித்துக்கொண்டன. அவர் சொன்னது அவருக்கே கேட்கவில்லை. குடோன் வாசலில் இருந்து சூப்பர்வைசர் கையை ஆட்டிக் கூப்பிட்டார். துளசிமணியின் உதடு அசைந்தது. என்ன சொன்னாளோ, யாருக்கும் கேட்கவில்லை. அவர் தலையில் கோணலாக இருந்த துண்டை இழுத்துச் சரியாகக் கட்டிவிட்டாள். குடோனைப் பார்த்து நடந்தாள். பாதி தூரம் போய் நின்று, திரும்பி, இரண்டு விரலை வாய்க்குக் கொண்டுபோனாள்.

குட்டையாக இரண்டு விசில்.

அத்தனை தறிச் சத்தத்தையும் அறுத்துக்கொண்டு வந்தது. அவள் உள்ளே போய்விட்டாள்.

கிருபாசங்கர் பயந்து முன்னால் பார்த்தான். ரோடு தெரு முனை வரை மட்டமாகக் கிடந்தது. பின்னால் சாய்ந்து மாமாவின் காதோடு கத்தினான்.

"மாமா, முன்னால மேடு, பள்ளம் ஒன்னும் காணமுங்களே?"

"இருக்குதுங்க மாப்பிள்ளை" என்றார் நாச்சிமுத்து. துண்டின் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். அழுத்திக் கட்டியிருந்தாள். காற்றில் பறக்காது. "ஷிப்டு முடிஞ்சு அவ ஊட்டுக்கு வரட்டும். அப்பத் தெரியும்."